ரேடார் தரவில் பெருமழையைத் தேடுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

வானிலை ரேடாரின் பழைய தரவுகளைத் திறந்து, 'மிக அதிக மழை எங்கே, எப்போது பெய்தது?' என்று கணினியிடம் கேட்டுப் பாருங்கள். பட்டியலின் உச்சியில் வருவது பெரும்பாலும் மழையாக இருக்காது. மலைமுகட்டில் பட்டுத் திரும்பிய அலையாக இருக்கும், ஆலங்கட்டியாக இருக்கும், பாதி உருகிய பனியாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு கம்பியில்லாக் கருவியின் குறுக்கீடாக இருக்கும். சராசரி மழையை ஆராய்பவருக்கு இந்தப் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். உச்சத்தைத் தேடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரிய எண்களைத் தேடிப் போகும்போது பெரிய பிழைகளையும் சேர்த்தே தேடுகிறோம். அதனால் பெருமழை ஆராய்ச்சியில் பாதி வேலை சந்தேகப்படுவதுதான். கீழே உள்ள படிகள் அந்தச் சந்தேகத்தை ஒழுங்காகச் செய்வதற்கானவை.

கொஞ்சம் பள்ளி இயற்பியல், கொஞ்சம் பைதான், இந்த இரண்டும் இருந்தால் தொடங்கலாம்.

முதல் படி: ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள்

இருபது ஆண்டுத் தரவை மொத்தமாகத் தரவிறக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நன்கு பதிவான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மழைமானிகள் இருக்க வேண்டும். அந்த நிகழ்வைப் பற்றி மற்றவர்கள் எழுதியதும் இருந்தால் நல்லது, உங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கரையேறிய ஹார்வி புயல் ஒரு நல்ல பயிற்சிக் களம். கரையேறிய பிறகு அது நகராமல் நின்றது. மழைப் பட்டைகள் ஒரே நிலப்பகுதிமேல் திரும்பத் திரும்ப வந்தன. நெதர்லாண்டு என்ற ஊரில் மொத்தம் 1,539 மி.மீ. பதிவானது. தரவு இலவசம், ரேடாரும் நல்ல ரகம்.

அடுத்து, உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதா, ஒரு கட்டத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதா, புயல் எப்படி உருவாகி நகர்ந்தது என்பதா? மூன்றுக்கும் தரவைக் கையாளும் முறை வேறு. மொத்த அளவுக்குத் துல்லியமான கூட்டல் வேண்டும். புயலின் நடத்தைக்கு மழையாக மாற்றாத மூலத் தரவே போதும், சில சமயம் அதுவே நல்லது.

ரேடார் மழையை அளப்பதில்லை

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற படிகளில் தலைகாட்டும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ரேடார் ஒரு நுண்ணலைத் துடிப்பை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்பும் ஆற்றலை அளக்கிறது. அந்த ஆற்றல் துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. தண்ணீரின் அளவோ விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு துளி தரும் எதிரொலியைத் தர 1 மி.மீ. துளிகள் 4,096 வேண்டும். ஆனால் அந்த 4,096 துளிகளிலும் இருக்கும் தண்ணீர், அந்த ஒற்றைத் துளியில் இருப்பதைப்போல் 64 மடங்கு. ரேடாருக்கு இரண்டும் ஒன்றுதான். நிலத்துக்கு ஒன்றல்ல.

இந்த எதிரொளிப்பை இசட் என்று குறிக்கிறார்கள். அதன் மதிப்புகள் பெரும் வீச்சில் மாறுவதால் மடக்கை அளவில் டிபிஇசட் என்று எழுதுகிறார்கள். 20 டிபிஇசட் தூறல் போன்ற லேசான மழை, 40 நல்ல மழை, 50க்கு மேல் கொட்டும் மழை அல்லது ஆலங்கட்டி. மழைவீதத்தை ஆர் என்று வைத்தால், இரண்டையும் இணைக்கும் சூத்திரங்களில் பழையதும் பிரபலமானதும் மார்ஷல், பாமர் ஆகியோரின் பெயரால் வழங்குவது: இசட் = 200 × ஆர்^1.6. அவர்கள் துளிகளின் அளவுப் பரவலைப் பற்றி எழுதியது 1948இல். அமெரிக்க ரேடார் வலையமைப்பு இடிமழைக்கு 300, 1.4 என்ற எண்களைப் பயன்படுத்தியது. வெப்பமண்டல மழைக்கு 250, 1.2.

எண்கள் கொஞ்சம்தானே மாறுகின்றன என்று தோன்றும். 50 டிபிஇசட்டை மூன்றிலும் போட்டுப் பாருங்கள். முதல் சூத்திரம் மணிக்கு 49 மி.மீ. என்கிறது, இரண்டாவது 63, மூன்றாவது 147. ஒரே எதிரொலிக்கு மூன்று மடங்கு வித்தியாசம்! 40 டிபிஇசட்டில் இதே வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவு. அதாவது மழை கூடக்கூடச் சூத்திரத் தேர்வின் விளைவும் கூடுகிறது. கடலிலிருந்து வரும் ஈரப்பதம் மிகுந்த மழையில் சிறு துளிகள் ஏராளமாக இருக்கும். அங்கே வழக்கமான இடிமழைச் சூத்திரம் உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். வெள்ளம் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த மாதிரி மழைதான் என்பது இதிலுள்ள சங்கடம்.

இன்னொன்று: டிபிஇசட் மதிப்புகளை நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள். 20, 50 இரண்டின் சராசரி 35 அல்ல. மடக்கையை அவிழ்த்து இசட்டாக மாற்றிச் சராசரி எடுத்து மீண்டும் டிபிஇசட்டாக்கினால் 47 வரும். டிபிஇசட்டை நேரடியாகச் சராசரி எடுக்கும் ஒரு வரி நிரல் பல ஆய்வுக் கணக்குகளைச் சத்தமில்லாமல் கெடுக்கக்கூடியது.

உங்கள் ரேடாரின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அலைநீளம்தான் முதல் தகவல். எஸ் பட்டை ரேடாருக்கு ஏறக்குறைய 10 செ.மீ., சி பட்டைக்கு 5, எக்ஸ் பட்டைக்கு 3. அலைநீளம் குறையக் குறைய ஆன்டெனா சிறிதாகும், செலவு குறையும். ஆனால் பெருமழை அந்த அலையைத் தின்றுவிடும். கொட்டும் மழைக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு மழைப் பகுதி, எக்ஸ் பட்டை ரேடாருக்குச் சில நேரம் தெரியவே தெரியாது. படத்தில் அந்த இடம் வெற்றாக இருக்கும். மழை இல்லை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கோவிந்தா.

அடுத்தது தூரமும் உயரமும். ஆன்டெனாவின் ஏற்றக் கோணம் 0.5 பாகை என்றாலும், பூமியின் வளைவு காரணமாக ரேடாரின் அலைக்கற்றை மேலே ஏறிக்கொண்டே போகும். 100 கி.மீ. தொலைவில் அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும், 200 கி.மீ.யில் 4 கி.மீ.க்கும் மேலே. கற்றை விரிந்தும் போகும்: ஒரு பாகை அகலக் கற்றை 100 கி.மீ.யில் 1.7 கி.மீ. அகலம். ஆகவே தொலைவில் நீங்கள் காண்பது தரையில் விழுந்த மழை அல்ல, மேகத்துக்குள் எங்கோ மிதந்த துளிகளின் சராசரி. உச்ச மழைவீதத்தை ஆராய்வதென்றால் 100 கி.மீ.க்குள் நின்றுகொள்வது நல்லது. அதற்கு வெளியே புயலின் வடிவத்தைப் பார்க்கலாம், எண்ணை நம்பக் கூடாது. இது என் சொந்த வரம்பு. மலைப்பகுதி என்றால் இன்னும் குறைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, ரேடார் எவ்வளவு சரியாக அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்பது. 1 டெசிபெல் பிழை என்றால் அற்பமாகத் தெரியும். 300, 1.4 சூத்திரத்தில் அது மழைவீதத்தை ஏறக்குறைய 18 விழுக்காடு மாற்றிவிடும்.

தரவும் மென்பொருளும்

பயிற்சிக்கு அமெரிக்காவின் நெக்ஸ்ராட் வலையமைப்பின் தரவே சுலபம். சுமார் 160 எஸ் பட்டை ரேடார்கள். 1991 முதலான இரண்டாம் நிலைத் தரவு (மழையாக மாற்றாத மூலத் தரவு) அமேசான் நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தில் யாரும் எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மழை நேரத்தில் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று கிடைக்கும். 2013க்குள் அந்த ரேடார்கள் இரட்டை முனைவாக்கத்துக்கு (கிடைமட்டம், செங்குத்து என இரு அலைகளை அனுப்பும் முறைக்கு) மாற்றப்பட்டுவிட்டன. அதனால் பழகுவதற்கு அந்த ஆண்டுக்குப் பிந்தைய நிகழ்வு ஒன்றை எடுங்கள். திருத்தி முடித்த நீண்டகாலத் தரவு வேண்டும் என்றால் ஜெர்மனி வானிலைத் துறையின் ராட்கிலிம் இருக்கிறது. 2001 முதல், 1 கி.மீ. கட்டங்களில், மழைமானிகளோடு பொருத்திச் சரிசெய்தது.

மென்பொருளுக்குப் பைதானில் பை-ஆர்ட், டபிள்யூராட்லிப் இரண்டும் போதும். முதலாவது கோப்புகளைப் படிக்கவும் வரையவும் வசதி. இரண்டாவதில் மழைக் கணக்கீடு, வலுவிழப்புத் திருத்தம் (மழையில் அலை இழந்த வலுவை ஈடுகட்டுவது), மழைமானி ஒப்பீடு எல்லாம் நன்றாக இருக்கும். இரண்டும் இலவசம்.

கோப்பின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மழைமானியின் நேரம் உள்ளூர் நேரத்தில் இருக்கலாம். போதாக்குறைக்கு, தினசரி மழை அளவு பல இடங்களில் காலையிலிருந்து மறுநாள் காலை வரையிலான கணக்கு. இதை இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

கணக்குக்கு முன் கண்ணால் பாருங்கள்

நிகழ்வு முழுவதையும் அசைபடமாக ஓட்டிப் பாருங்கள். ஒரே ஏற்றக் கோணத்தில் மட்டும் நிற்காமல் மேலே உள்ள கோணங்களையும் பாருங்கள். நகராமல் ஒரே இடத்தில் மினுங்குவது மலையோ கட்டடமோ காற்றாலையோ ஆக இருக்கும். ரேடாரிலிருந்து ஆரக்கால்போல் நேராக நீளும் கோடு, சூரியனின் கதிர்வீச்சாகவோ வைஃபை குறுக்கீடாகவோ இருக்கும். சி பட்டையும் ஒரு பகுதி வைஃபையும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருப்பதால் வரும் வினை அது. வெளிச்சம் வரும் நேரத்தில் வட்டமாக விரிந்து போவது கூட்டிலிருந்து கிளம்பும் பறவைகள். ஆப்பு வடிவத்தில் எப்போதும் மங்கலாக இருக்கும் பகுதி, மலை மறைப்பது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தங்கும் இரவுகளில் கற்றை கீழ்நோக்கி வளைந்து தரையையே தொட்டுவிடும். அப்போது மேகமே இல்லாத வானத்தில் பெருமழை தெரியும்.

ரேடாரைச் சுற்றி வளையம்போல் பிரகாசமாக ஒரு பட்டை தெரிகிறதா? அது பனி உருகும் உயரம். உருகத் தொடங்கிய பனித்துகள் மேலே நீர் பூசிக்கொண்டு மிகப் பெரிய துளியைப்போல் நடிக்கும். இதை ஒளிர்பட்டை என்பார்கள். அங்கே கணக்கிட்ட மழை பல மடங்கு மிகைப்பட்டிருக்கும்.

களை எடுப்பது

இரட்டை முனைவாக்க ரேடார் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு அலைகளை அனுப்புகிறது. அதிலிருந்து கிடைக்கும் மூன்று அளவுகள் பெருமழைக்காரருக்கு வரப்பிரசாதம்.

ஒட்டுறவுக் கெழு: கற்றைக்குள் இருப்பவை எல்லாம் ஒரே வகையா என்று சொல்லும். சுத்தமான மழைக்கு 0.97க்கு மேல் இருக்கும். உருகும் பனியில் இறங்கும். பறவை, பூச்சி, தரை என்றால் 0.8க்கும் கீழே போகும். முதல் வடிகட்டி இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரம்பை வைக்காதீர்கள்; ஆலங்கட்டி கலந்த மழையிலும் இது இறங்கும், அங்கே கீழே உண்மையிலேயே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

வேறுபாட்டு எதிரொளிப்பு: பெரிய மழைத்துளி விழும்போது தட்டையாகிறது, அதனால் கிடைமட்ட எதிரொலி செங்குத்து எதிரொலியைவிடக் கூடும். ஆலங்கட்டி புரண்டு புரண்டு விழுவதால் ரேடாருக்கு உருண்டையாகத் தெரியும். ஆகவே டிபிஇசட் 55க்கு மேல் இருந்து, இந்த வேறுபாடு சுழியை ஒட்டி இருந்தால் ஆலங்கட்டி என்று சந்தேகியுங்கள். இந்த அளவு இல்லாத பழைய தரவில் 53 டிபிஇசட்டுக்கு மேல் போனாலும் 53 என்றே வைத்துக்கொள்வது வழக்கம். 300, 1.4 சூத்திரத்தில் அது மணிக்கு 104 மி.மீ. வழக்கம் என்பதால் நான் இதை எதிர்க்கவில்லை, ஆனால் உச்சத்தை ஆராயப் போய் உச்சத்தையே வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவு இருக்கட்டும்.

மூன்றாவது கட்ட வேறுபாடு, அதாவது இரண்டு அலைகளுள் ஒன்று மற்றதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பது. அதைப் பற்றி அடுத்த படியில்.

மழையாக மாற்றுவது

மழைக்குள் செல்லும் கிடைமட்ட அலை, செங்குத்து அலையைவிடச் சற்றே தாமதமாகும். ஒவ்வொரு கி.மீ.க்கும் எவ்வளவு தாமதம் (பாகையில்) கூடுகிறது என்பதே கேடிபி, முன்னே சொன்ன மூன்றாவது அளவு. இது ஆற்றலை அளப்பதில்லை, அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்க நிலையை) அளக்கிறது. அதனால் அளவுத்திருத்தப் பிழை, மலையின் பகுதி மறைப்பு, வழியில் அலை வலுவிழப்பது ஆகிய எதுவும் இதைப் பெரிதாகப் பாதிக்காது. புரளும் ஆலங்கட்டியும் இதில் அதிகம் சேராது. எஸ் பட்டைக்கு வழங்கும் ஒரு சூத்திரம்: ஆர் = 44 × கேடிபி^0.822. கி.மீ.க்கு 3 பாகை என்றால் மணிக்கு ஏறக்குறைய 109 மி.மீ.

லேசான மழையில் கேடிபி வெறும் இரைச்சல். அதனால் லேசான மழைக்கு இசட், கனமழைக்கு கேடிபி என்று பிரித்துப் பயன்படுத்துங்கள். பெருமழை ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு கூடுதல் அளவுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், நான் தயங்காமல் கேடிபியைத்தான் கேட்பேன்.

கேடிபி இல்லாத சி, எக்ஸ் பட்டைத் தரவில் வலுவிழப்புத் திருத்தம் அவசியம். ரேடாரிலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு கட்டமாக இழப்பைக் கணக்கிட்டுச் சேர்க்கும் முறை எளிது, ஆனால் சிறு பிழையும் போகப் போகப் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகும். மேல் வரம்பு வைக்காமல் ஓட்டாதீர்கள். அப்புறம், ரேடாரின் தலைக்கு மேலேயே மழை கொட்டும்போது ஆன்டெனாவை மூடியிருக்கும் கூண்டு நனைந்து எல்லாத் திசையிலும் எதிரொலி மங்கும். மழை உச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் படம் முழுதும் திடீரென்று வெளிறினால் காரணம் இதுவாக இருக்கும்.

கூட்டுவது

ஐந்து நிமிட இடைவெளிப் படங்களை அப்படியே கூட்டினால் என்ன ஆகும்? நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் புயல் ஐந்து நிமிடத்தில் 4.5 கி.மீ. தாண்டிவிடும். சிறிய, வேகமான மழைக்கரு (மழை தீவிரமாகப் பெய்யும் சிறு பகுதி) என்றால் கூட்டல் வரைபடத்தில் விட்டு விட்டுத் திட்டுகளாகத் தெரியும். திட்டின் நடுவில் பொய்யான உச்சம், இடையில் பொய்யான பள்ளம். இரண்டு படங்களுக்கு இடையே நகர்வைக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிமிடத்துக்கும் இடைப்படம் உருவாக்கிக் கூட்டுங்கள். பைஸ்டெப்ஸ் என்ற நிரல்தொகுப்பில் இதற்கான கருவிகள் உண்டு.

தவறிய படங்களைச் சுழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும் புயலில்தான் மின்சாரமும் இணைப்பும் போகும்.

மழைமானியோடு வைத்துப் பார்ப்பது

நிகழ்வு முழுவதற்கும் மழைமானிகளின் மொத்தத்தை ரேடார் மொத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் ஒற்றை எண்ணால் ரேடார் தந்த மழை மதிப்புகள் எல்லாவற்றையும் பெருக்குவது எளிய திருத்தம். தொடக்கத்துக்கு அது போதும். அதைவிட நுட்பமான முறைகள் உண்டு. மழைமானிகள் அடர்த்தியாக இருந்தால் மட்டும் அவற்றுக்குப் போகலாம்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 200 சதுர செ.மீ. வாயுள்ள மழைமானியை ஒரு சதுர கி.மீ. ரேடார் கட்டத்தோடு ஒப்பிடுகிறோம். பரப்பில் ஐந்து கோடி மடங்கு வித்தியாசம். இடிமழையில் ஒரு கட்டத்துக்குள்ளேயே மழை பாதியாகக் குறையலாம். மேலும் மழைமானியும் தெய்வமல்ல. பலத்த காற்றில் துளிகள் வாய்க்கு வெளியே போகும். கவிழ்கிண்ண வகை, கொட்டும் மழையில் கிண்ணம் கவிழும் நேரத்தில் கொஞ்சம் நீரைத் தவறவிடும். ஆகவே கனமழையில் மழைமானியும் குறைத்தே காட்டும். இரண்டும் ஒத்துப்போகாதபோது ரேடார்தான் தவறு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். புயலின் மையம் எந்த மழைமானிமேலும் விழாமல் போவது மிகச் சாதாரணம், ரேடாரை நாடுவதற்கு முதல் காரணமே அதுதானே.

புயல் எப்படி நடந்துகொண்டது?

ஓரிடத்தில் சேரும் மழை, அங்கே கொட்டிய வேகத்தையும் கொட்டிய நேரத்தையும் பொறுத்தது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழை பத்து நிமிடத்தில் கடந்துபோனால் 17 மி.மீ. கூடத் தேறாது. அதே வேகம் மூன்று மணி நேரம் நீடித்தால் பேரழிவு. ஆகவே ஒரு மழை ஏன் பெருமழை ஆனது என்ற கேள்வி, அது ஏன் அங்கேயே நின்றது என்ற கேள்வியாகத்தான் பெரும்பாலும் முடியும்.

40 டிபிஇசட் போன்ற ஒரு வரம்பை வைத்து மழைக்கருக்களைப் பிரித்து, படத்துக்குப் படம் தொடருங்கள். கருக்கள் வேகமாக நகர்ந்தும் மழை ஓரிடத்திலேயே குவிகிறதா? அப்படியென்றால் இரண்டில் ஒன்று: ரயில் பெட்டிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் வருகின்றன, அல்லது காற்று வரும் பக்கத்தில் புதுக் கருக்கள் முளைத்துக்கொண்டே இருப்பதால் கூட்டம் மொத்தமாக நகராமல் நிற்கிறது. படங்களை வரிசையாக அடுக்கி, ஒரே நேர்கோட்டில் வெட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

டாப்ளர் திசைவேகமும் துணைக்கு வரும், ஒரு வரம்போடு. ரேடாரை நோக்கி வருவதும் விலகிப் போவதும் மட்டுமே அதில் தெரியும். குறுக்கே போகும் காற்று தெரியாது. 10 செ.மீ. அலையில் நொடிக்கு 1,000 துடிப்புகள் என்றால் நொடிக்கு 25 மீட்டர் வரையிலான வேகமே குழப்பமின்றி அளக்கப்படும். அதற்கு மேல் போனால் குறி மாறி எதிர்த்திசையில் வீசுவதாகக் காட்டும். துடிப்புகளைக் கூட்டினால் வேக வரம்பு உயரும், ஆனால் பார்க்கும் தூரம் 150 கி.மீ.யிலிருந்து குறையும். வேகம் இப்படிக் குறி மாறித் தெரியும் மடிப்பை அவிழ்க்கும் நிரல் பை-ஆர்ட்டில் உண்டு. ஓட்டிய பிறகு கண்ணாலும் சரிபாருங்கள்; கடும் புயலில் அதுவும் தடுமாறும். வருவதும் போவதும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அங்கே சுழற்சி இருக்கலாம்.

பல ஆண்டுகளுக்கு விரிப்பது

ஒரு நிகழ்வில் கை பழகிய பிறகு நீண்டகாலத் தரவுக்கு வாருங்கள். 15 நிமிடம், 1 மணி, 24 மணி என்று கால அளவுகளைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆண்டின் உச்சத்தை எடுங்கள். அந்த உச்சங்களைத் தேதியோடு வரைபடத்தில் போடுங்கள். உச்சங்கள் ஆரக்கால் வடிவிலோ வளைய வடிவிலோ வரிசைகட்டி நின்றால் அது வானிலையின் வேலை அல்ல. ரேடார் வன்பொருள் மாறிய ஆண்டில் எண்கள் திடீரென்று தாவினால் அது காலநிலை மாற்றமும் அல்ல. முதல் ஐம்பது உச்சங்களுக்காவது மூலப் படத்தைத் திறந்து பார்த்து, ஏன் ஏற்றீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அலுப்பான வேலை, ஆனால் இதை நிரலிடம் ஒப்படைக்க முடியாது.

அதன்பின் உச்சமதிப்புப் பரவலை (அரிய உச்சங்கள் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் கணித வளைவை) பொருத்தலாம். 20 ஆண்டுத் தரவில் ஒரு கட்டத்துக்கு 20 எண்கள்தான் கிடைக்கும். அதை வைத்து நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை இவ்வளவு என்று ஒற்றை எண்ணாக எழுதினால் யாரும் நம்பக் கூடாது. ஒரே மாதிரி மழை பெறும் சுற்றுக் கட்டங்களைச் சேர்த்துக்கொண்டால் தரவு பெருகும். ஆனால் பக்கத்துக் கட்டங்கள் ஒரே புயலைத்தான் பதிந்திருக்கும். நூறு கட்டங்களைச் சேர்த்ததால் நூறு சுதந்திரமான சாட்சிகள் கிடைத்துவிடவில்லை. பிழை வரம்பைக் கணக்கிடும்போது கட்டம் கட்டமாக இல்லாமல் ஆண்டு ஆண்டாக மறுமாதிரி எடுங்கள் (இருக்கும் ஆண்டுகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடுவது). வரம்பு சங்கடமான அளவுக்கு அகலமாக வரும். அதைக் குறைக்காமல் அப்படியே அட்டவணையில் போடுங்கள்.